அறைக்குப் போன தட்டு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. உடம்பளவில் இங்கே இரண்டு பேருக்கும் குறையில்லை. உனக்கும் அந்த இருமல் விட்டுப்போய் வேளைக்குத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். மனசைப் பற்றிக் கடிதத்தின் முதல் வரியில் எழுதுகிற பழக்கம் நம் வீட்டில் இல்லை, அதைக் கீழே எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் அழுவாய், நீ அழுதால் நான் பாதியை மாற்றிச் சொல்லிவிடுவேன். அதனால்தான் அலுவலகத்தில் மதிய இடைவேளையில், குடிநீர்க் கட்டணப் பிரிவின் மூலை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஓய்வுக்கு நம் வீட்டில்தான் இருக்கிறாள், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்து எல்லோரையும் வேலை வாங்குகிறாள். மாடி அறைச் சுவரில் மறுபடியும் ஈரம் ஏறிவிட்டது, கொத்தனார் இன்று வருகிறேன் நாளை வருகிறேன் என்று இழுத்தடிக்கிறார். அப்பாவின் கண்ணாடிக் கடையில் வியாபாரம் மந்தம்தான், ஆனாலும் காலையில் திறந்து ராத்திரி பூட்டுகிற நேரம் மாறவில்லை.

கப்பல் பயணம் எப்படி இருந்தது என்று நாங்கள் திரும்பி வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாய். நீ கேட்பது பயணத்தைப் பற்றி இல்லை என்று எனக்குத் தெரியும். லென்ஸ்காரர் வீட்டிலிருந்து நீ பெட்டியோடு திரும்பி வந்த நாளிலிருந்து உன் அப்பா உன்னோடு பேசுவதில்லை. கடைக்கு லென்ஸ் கொடுக்கிற பால்ய சிநேகிதர், அவருடைய மகன், தானே பார்த்து முடித்த சம்பந்தம், அதை முறித்துத் தன்னைத் தலைகுனிய வைத்துவிட்டாய் என்பது அவர் கட்சி. விவாகரத்து முடிந்து நீ அவ்வளவு தூரத்தில் ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர்ந்து, கையைக் காலை ஊன்றி நின்று, எங்கள் இருவருக்கும் கப்பலில் டிக்கெட் எடுத்து அனுப்பினாய். அனுப்பும்போதே, "கடல் காத்து பட்டா அப்பா கொஞ்சம் இளகுவார்மா, அந்த நேரம் பார்த்து லீவுக்கு நான் வீட்டுக்கு வரலாமான்னு பக்குவமா கேட்டு வை" என்று என்னிடம் சொன்னாய். கேட்டேன். பதிலும் கிடைத்தது. அதை மட்டும் தனியாகப் பிய்த்து உனக்கு அனுப்பினால் விளங்காது, அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் நாள் பெட்டிகளை அறையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று கூப்பிட்டேன். சாப்பாட்டுக்கூடம் மேல்தளத்தில் இருந்தது, யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். உன் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "அவ காசுல போய் சபையில உட்கார்ந்து நான் சாப்பிடணுமாக்கும்? எனக்கு வேண்டாம், நீ போ" என்றார். கப்பலில் ஏறியதும் அவள் காசுதானே, படுத்திருக்கிற மெத்தையும் அவள் காசுதானே என்று நாக்கு நுனி வரை வந்தது. ஊரெல்லாம், கடைத்தெரு சங்கத்திலெல்லாம் கப்பலில் போகிறேன் என்று சொல்லிவிட்டார், போகாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்களே, அதற்காக வந்தவர். நான் போய்ச் சாப்பிட்டுத் திரும்பியபோது, "எனக்கு ஒண்ணும் எடுத்துட்டு வரலையா" என்றார். வேண்டாம் என்றீர்களே என்றதற்கு, அங்கே உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்றுதான் சொன்னாராம், சாப்பிடவே மாட்டேன் என்று சொல்லவில்லையாம். வழியில் தேவைப்படும் என்று நான் பையில் போட்டிருந்த நம் எவர்சில்வர் தட்டை எடுத்து நீட்டி, "கப்பல் தட்டுல வேண்டாம், நம்ம தட்டுல போட்டுக் கொடு, நம்ம சாப்பாடா இருந்துட்டுப் போகட்டும்" என்றார். சிரிக்காதே. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நியாயஸ்தர் களை இருந்தது.

அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு மேலே போனால், பரிமாறும் இடத்தில் நிற்கிற பையன் சொந்தப் பாத்திரத்தில் எடுக்கக் கூடாது, சுகாதார விதி, கப்பல் தட்டில் எடுத்து அறைக்குத் தாராளமாகக் கொண்டு போகலாம் என்றான். எனவே ஏற்பாடு இப்படி ஆயிற்று. கப்பல் தட்டில் சோறும் மீனும் காய்கறியும் போட்டு, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, ஒரு கையில் அதையும் இன்னொரு கையில் சூப் கிண்ணத்தையும் பிடித்துக்கொண்டு லிஃப்டில் இறங்கி, கப்பல் ஆடுகிற ஆட்டத்துக்குச் சுவரோடு சுவராக நடந்து, முழங்கையால் கதவைத் தட்டி, உள்ளே போய் எல்லாவற்றையும் நம் தட்டுக்கு மாற்றிக் கொடுத்து, காலித் தட்டுகளை வாசலுக்கு வெளியே வைப்பது. காலை, மதியம், ராத்திரி. நடைபாதைக் கம்பளத்தில் வரிசையாக மீன் படம் போட்டிருந்தார்கள், மீன்களின் தலை எந்தப் பக்கமோ அது கப்பலின் முன்பக்கம். மற்றவர்கள் கடலைப் பார்த்தார்கள், நான் அந்த மீன்களைப் பார்த்தேன். கொண்டு போனதில் சூப் ஆறிவிட்டது என்பார், எலுமிச்சை ஒரு துண்டு வைக்கத் தெரியாதா என்பார், முட்டை இன்னும் ஒன்று இருந்தால் தேவலை என்பார். நான் மறுபடி போவேன். முதலில் அவருக்குக் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு மேலே திரும்பினால் பாதி அயிட்டங்களை எடுத்துவிட்டிருப்பார்கள், நான் முதலில் சாப்பிட்டால் பசியில் காத்திருக்கிறாரே என்று அவசர அவசரமாக விழுங்குவேன். இரண்டும் சரிப்படாமல் போகப் போக அவர் மிச்சம் வைத்ததை அந்த அறையிலேயே நின்றபடி சாப்பிட ஆரம்பித்தேன். வீட்டில் செய்வதுதான். அதைச் செய்யக் கப்பல் ஏறிப் போக வேண்டியிருந்தது.

பக்கத்து அறையில் ஒரு டெய்லரம்மா, தங்கையோடு வந்திருந்தாள், ஏறிய அன்றே எங்கள் இருவரையும் பார்த்திருந்தாள், வாய் கொஞ்சம் நீளம், ஆனால் நல்ல மனசு. என்னை லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம், "என்னக்கா, ரூம்ல புலி எதையாவது கட்டிப்போட்டு வளர்க்கிறீங்களா, வேளா வேளைக்கு இரை போகுதே" என்பாள். வீட்டுக்காரருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, தலைசுற்றல் என்று நான் பொய் சொன்னேன். உண்மையில் தலைசுற்றியது எனக்குத்தான். அந்த நாட்களில்தான் நீ தினமும் கூப்பிட்டாய். எடுத்ததும் அப்பா சாப்பிட்டாரா, அப்பாவுக்குச் சாப்பாடு பிடித்திருக்கிறதா, அப்பா வெளியே வந்து கடலைப் பார்த்தாரா. ஒரு நாளாவது நீ சாப்பிட்டாயா அம்மா என்று கேட்பாய் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். சரி, குறையும் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்.

ஒரு துறைமுகத்தில் கப்பல் பகல் முழுக்க நின்றது. அவர் இறங்க மாட்டேன் என்றார். ரொட்டியும் பழமும் மதியத்துக்கு மூடி வைத்துவிட்டு நான் டெய்லரம்மாவோடு கரைக்குப் போனேன். மழை பிடித்துக்கொண்டதால் சீக்கிரமே திரும்பிவிட்டோம். அவள் நேராக டீ குடிக்க மேலே போனவள் உடனேயே இறங்கி வந்து, கண்ணை உருட்டி, "அக்கா, உங்க புலி கூண்டைத் திறந்துகிட்டு வெளியே வந்திருச்சு, மேல உட்கார்ந்து கேக் சாப்பிடுது" என்றாள். வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஜன்னலோர மேசையில் உன் அப்பா. எதிரே கப்பல் தட்டு நிறையக் கேக்கும் பழமும். ரிட்டயரான ஒரு பஸ் டிரைவரும் இன்னும் இரண்டு பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் அவரை, "கண்ணாடிக்காரரே, இன்னிக்கு டீயை மறந்துட்டீங்களே" என்று உரிமையோடு கேலி செய்ததிலேயே தெரிந்துவிட்டது, இது அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம் இல்லை. நான் குளிக்கப் போகும்போதும், மொட்டைத்தளத்தில் காற்று வாங்கப் போகும்போதும் அவர் மேலே போய் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். நான் ஐஸ்கிரீம் மிஷினுக்குப் பின்னால் நின்றுவிட்டேன். உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். "எம் பொண்ணு அனுப்பினதுங்க இந்த ட்ரிப்பு. பெரிய ஆஸ்பத்திரியில லேபையே அவதான் பார்த்துக்கிறா. யாரையும் நம்பி இல்ல, தனியா நிக்கிறா, எங்க அப்பன் ரத்தம்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து எவ்வளவு காலமாயிற்று. ஒரு நிமிஷம் எனக்கு அழுகை வந்துவிட்டது, ஓடிப்போய் உனக்குப் போன் போட வேண்டும் என்று தோன்றிவிட்டது. அப்போது டிரைவர், "மாப்பிள்ளை என்ன பண்றார்" என்று கேட்டார். உன் அப்பா கொஞ்சம்கூடத் தடுமாறாமல், "இன்னும் கல்யாணம் ஆகலைங்க, ஏத்த இடமா பார்த்துக்கிட்டிருக்கோம்" என்றார்.

நீ அந்த வீட்டில் பட்டதை, உன் தோளில் இருந்த தழும்பை, நீ எழுந்து உட்கார்ந்து கத்திய ராத்திரிகளை, எல்லாவற்றையும் ஒரு கேக் துண்டோடு விழுங்கிவிட்டார். நீ துடைக்க முடியாததை அவர் துடைத்துவிட்டார். நான் ஒன்றும் எடுக்காமல் வெறுங்கையோடு கீழே இறங்கி நடைபாதையில் சும்மா நடந்தேன். அறைக்குப் போனபோது அவர் எனக்கு முன்னால் வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கதவுச் சத்தம் கேட்டதும் திரும்பாமலே, "எங்க போயிட்ட, பசி உயிர் போகுது, ஒண்ணும் கொண்டு வரலையா" என்றார்.

பார்த்தேன் என்றேன், கேட்டேன் என்றேன். அவர் எழுந்து உட்கார்ந்து, "வெளி ஆளுங்ககிட்ட ஆயிரம் பேசுவோம், இறங்கினா அவங்க யாரோ நாம யாரோ. வீட்டு விஷயம் வேற" என்றார். அவ்வளவு பெருமையை அந்தப் பிள்ளையிடமே ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்றேன். "சொன்னா நான் தோத்த மாதிரி" என்றார். பக்குவமாவது மண்ணாவது, அந்தச் சூட்டிலேயே உன் கேள்வியைக் கேட்டுவிட்டேன். லீவுக்கு வீட்டுக்கு வரலாமா என்று கேட்கிறாள் என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இந்த ஒரு முறை பூசி மெழுக மாட்டேன். "லென்ஸ்காரர் வீட்டுப் படியேறி அவங்க எல்லார் முன்னாலயும் மன்னிப்பு கேட்டுட்டு, அப்புறம் என் வீட்டு வாசல்ல கால் வைக்கட்டும்." தழும்பு எதனால் வந்தது என்று அவருக்குத் தெரியும். நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன், அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அதற்குப் பிறகு அறைக்கு நான் ஒரு வாழைப்பழம்கூடக் கொண்டு போகவில்லை. நான் போய் உட்கார்ந்து, சூடாக, எனக்குப் பிடித்ததை எடுத்துச் சாப்பிட்டேன். ருசி என்று சொல்ல மாட்டேன். நான் இறங்கி வந்த பிறகு அவர் ஏறிப் போனார். மிச்ச நாளும் ஒரே கப்பலில் முறை வைத்துச் சாப்பிட்ட தம்பதி நாங்கள்தான். இறங்குகிற அன்று டெய்லரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இளைச்சுப் போயிட்டீங்கக்கா, கப்பல்ல வந்து இளைச்ச ஒரே ஆளு நீங்கதான்" என்றாள்.

உன்மேலும் எனக்கு வருத்தம் உண்டு, அதையும் இதிலேயே எழுதிவிடுகிறேன். அப்பாவுக்குக் கடல் பிடிக்கும் என்று கப்பலில் அனுப்பினாய். பஸ்ஸில் ஜன்னலோரம் இல்லாவிட்டால் வாந்தி எடுக்கிறவள் நான், அது உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அவர் முறைத்துக்கொண்டிருப்பதால் அவரைக் குளிர வைக்க இருவரும் ஓடுகிறோம், நான் முறைக்காததால் என்னைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. நீ அவருக்குச் சொல்ல வேண்டியதை என் கையில் கொடுக்கிறாய், அவர் உனக்குச் சொல்வதை என் கையில் கொடுக்கிறார், ஆறிப்போனால் திட்டு எனக்கு. இனி என்னால் முடியாது பாப்பா. கை வலிக்கிறது என்று சொன்னால் அது பொய்யில்லை.

வீட்டுக்குத் திரும்பியதிலிருந்து ஹாலில் அவர் நாற்காலிக்குத் தட்டைக் கொண்டு போவதையும் நிறுத்திவிட்டேன். சமையலறை மேசையில் வைத்துவிட்டு நான் சாப்பிடத் தொடங்கிவிடுகிறேன். முதலில் கடையிலேயே ஏதோ வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தார். அப்புறம் ஒரு ராத்திரி வந்து உட்கார்ந்தார், பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தார். உன் அத்தை கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கப்பல்ல போயிட்டு வந்ததுல இருந்து அண்ணிக்குத் திமிர் ஏறிப் போச்சு" என்றாள். ஏறட்டும் என்றேன்.

நீ கேட்ட கேள்விக்கு அவர் பதில் அது. என் பதில் வேறு. நீ யார் வீட்டுப் படியும் ஏற வேண்டாம், யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம், லீவு கிடைத்ததும் கிளம்பி வா. அது எனக்கும் வீடுதான். அப்பா உன்னைப் பார்த்ததும் கரைந்து அழுவார் என்று எண்ணிக்கொண்டு வராதே, ஏமாந்துபோவாய், ஊரில் பெருமை பேசுகிற வாய் உன் முன்னால் திறக்காது. அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். சாத்திக்கொள்ளட்டும். அந்தக் கதவுக்கு உள்ளே எதுவும் போகாது. பசித்தால் வெளியே வந்து உனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் தெருமுனைக் கடைக்குப் போக வேண்டும். எதைச் செய்வார் என்று எனக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதற்காக நான் எழுந்து போக மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், நைட் ட்யூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. உனக்கு ஒரு குறையும் வராமல், யாருக்கும் கூனிக்குறுகாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசீர்வாதம். மறக்காமல் ஒன்று செய், வரும்போது அவருக்கென்று எதுவும் வாங்கி வராதே.

இப்படிக்கு,
உன்னோடு உட்கார்ந்து சாப்பிடக் காத்திருக்கும்
அம்மா