வந்தும் வராத பார்சல்

செப்டம்பர் 22, திங்கள்

நாளைக்கு வேதியியல் காலாண்டுத் தேர்வு. படிக்காமல் இதை எழுதுகிறேன். ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்கள்தான் பாதுகாப்பு. அம்மா அதை மட்டும் புரட்ட மாட்டார்.

அப்பா சரி என்று சொல்லிவிட்டார்.

கடைக்காரர் வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தார். "இதத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கீருங்க, நாப்பத்திரண்டாயிரம் ஆகும்" என்றார். அவர் போனதும் நான்தான் வாயைக் கொடுத்தேன். "புராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் மட்டும் மாத்தினாப் போதும்ப்பா. பதினஞ்சுக்குள்ள முடிச்சர்லாம். நானே போடறேன்."

"நீயா?"

"வீடியோ பாத்திருக்கேன்ப்பா. நாப்பது தடவ."

"செரி கண்ணு." அவ்வளவுதான்.

அந்தக் கம்ப்யூட்டர்தான் எங்களுக்குப் பாதிச் சாப்பாடு. பகலில் அப்பா பட்டறையில் மெஷின் ஓட்டுகிறார். சாயங்காலம் வந்து மற்ற பட்டறைகளுக்கு 3டி டிராயிங் போட்டுக் கொடுக்கிறார். வாங்கி ஏழு வருஷம் ஆகிறது. பெரிய மாடலைத் திருப்பினால் படம் விக்கி விக்கி நகர்கிறது. அக்டோபர் மூன்றாம் தேதிக்குள் ஒரு பம்ப் கம்பெனிக்குப் பதினாறு பாகம் வரைந்து தரவேண்டும். பிடித்துப்போனால் மாதாமாதம் வேலை தருவார்களாம்.

நாற்பது தடவை எல்லாம் பார்க்கவில்லை. ஆறு இருக்கும்.

செப்டம்பர் 25, வியாழன்

புராசஸர் வந்துவிட்டது. அப்பா உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இத்தனூண்டுக்கா அந்த வெல!" என்றார். கார்டை செகண்ட் ஹேண்டில் வாங்குகிறோம். திருப்பூரில் ஒருவர் விற்கிறார், கூரியரில் வரும். "ரண்டும் வரட்டும். ஞாயித்துக்கெழம நானும் இருக்கறப்பப் போடலாம். அவசரப்படாத."

செப்டம்பர் 27, சனி

தப்புப் பண்ணிவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அப்பா பட்டறைக்குப் போயிருந்தார். அம்மா ரேஷன் கடையில். பதினொன்றரைக்குக் கூரியர் டெய்சியக்கா வண்டிச் சத்தம். எங்கள் தெருவுக்கு எப்போதும் அவர்தான் வருவார். நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

"என்ன கண்ணு இந்த ஓட்டம்? உள்ள நகையா?"

"நகையவிட எச்சுங்க்கா!"

சிரித்துக்கொண்டே கையெழுத்துக்குப் போனை நீட்டினார். திரையில் விரலால் கிறுக்கினேன். பேர் மாதிரியே இல்லை.

ஞாயிறு வரை பொறுத்திருக்கலாம். ஒரே ஒரு நாள். ஆனால் அப்பா வரும்போது திரையில் மாடல் வழுக்கிக்கொண்டு சுற்றவேண்டும், அவர் வாயைப் பிளக்கவேண்டும் என்று ஆசை. கம்ப்யூட்டர் கேபினட்டைத் திறந்தேன். பழைய புராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் ஃபேன் வைத்த கூலரை இழுத்தேன். வரவில்லை. பலமாக இழுத்தேன். டக். கூலரோடு புராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. நடுவில் தடவியிருந்த பேஸ்ட் ஏழு வருஷத்தில் சிமெண்ட் மாதிரி ஆகியிருக்கிறது. புராசஸர் அடியில் ஆயிரத்துக்கு மேல் பின்கள், ஒவ்வொன்றும் முடி கனம். ஒரு ஓரத்தில் பதினொன்று படுத்துவிட்டன.

பழசுதானே, போகட்டும் என்று நினைத்தேன். புதுசைப் போட்டேன். கார்டைச் சொருகினேன். சுவிட்ச். ஃபேன் சுத்துது. லைட் எரியுது. திரை மட்டும் கறுப்பு. மறுபடி. கறுப்பு. பழைய கார்டைப் போட்டு – கறுப்பு.

வீடியோவில் நான் தள்ளிவிட்ட இரண்டு நிமிஷத்தில்தான் விஷயம் இருந்திருக்கிறது. எங்கள் மதர்போர்டு பழையது. புது புராசஸர் யாரென்றே அதற்குத் தெரியாது. பழைய புராசஸர் ஓடும்போதே போர்டுக்குள் இருக்கும் பயாஸ் என்ற சாஃப்ட்வேரை அப்டேட் செய்துவிட்டு, அப்புறம்தான் மாற்ற வேண்டும். அதாவது எனக்கு இப்போது பழசு வேண்டும். அதைத்தான் நொண்டியாக்கி வைத்திருக்கிறேன்.

ஆறு மணிக்கு அப்பா வந்தார். திறந்து கிடந்த கேபினட்டைப் பார்த்தார்.

"கார்டு இன்னும் வரலப்பா. புது புராசஸரப் போட்டுட்டேன். அது கார்டு வந்தாத்தான் ஓடும்."

யோசிக்கவே இல்லை. வாயில் வந்தது. கார்டுப் பெட்டி அப்போது என் கட்டிலுக்கடியில், பழைய யூனிஃபார்ம் பைக்குள் இருந்தது.

"செரி, திங்கக்கெழம வந்துரும்" என்றார். கோபமே இல்லை.

அவர் கோபம் எப்படி இருக்கும் என்று எழுதி வைக்கிறேன். அடிக்க மாட்டார். சத்தம் போட மாட்டார். என்னிடம் 'ங்க' போட்டுப் பேசுவார். "சாப்புடுங்க." "படிங்க." மற்ற வீடுகளில் பிள்ளைகளை அப்படிக் கூப்பிடுவது செல்லம். எங்கள் வீட்டில், நான் யாரோ ஆகிவிட்டேன் என்று அர்த்தம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பென் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு, அந்த ஓட்டையை வளைந்த பின்னில் மாட்டி மெதுவாக நிமிர்த்தலாமாம். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு செய்தேன். நான்கு நிமிர்ந்தன. ஐந்தாவது ஈரக் களிமண் மாதிரி அசைந்தது. இன்னும் ஒரு தடவை தொட்டால் கையோடு வந்துவிடும். நிறுத்திவிட்டேன்.

ஏழு பாக்கி.

செப்டம்பர் 29, திங்கள்

அப்பா வேலைக்கு நடுவில் கூரியர் ஆபீசுக்குப் போயிருக்கிறார்! நான் இதை நினைக்கவே இல்லை. சனிக்கிழமையே கொடுத்தாயிற்று என்று காட்டுகிறதாம். கையெழுத்து என்று ஒரு கிறுக்கலைக் காட்டினார்களாம்.

சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னார். "நான் சொல்லிப்போட்டேன் ராமாமணி. எம்புள்ள ஊட்லதான் இருந்துச்சு, வரலைன்னா வரல, அது பொய் சொல்லாதுங்கன்னு."

தட்டில் ரசம் மட்டும்தான் இருந்தது. அதைக் கொட்டிவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

டெய்சியக்கா வந்தார். அம்மா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக்கு அந்தப்பக்கமே நின்றார், ஹெல்மெட்டைக்கூடக் கழட்டவில்லை.

"கண்ணு, சனிக்கெழம உன் கையிலதான குடுத்தேன்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா. "இல்லீங்க்கா. வேற ஊட்ல குடுத்திருப்பீங்க."

"துண்டு போட்டுட்டு ஓடியாந்தயே. நகையவிட எச்சுன்னு சொன்னயே."

"அது... அதுக்கு முந்தி வந்ததுங்க்கா."

என்னையே பார்த்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை. நெற்றியைச் சுருக்கி, நான் சொன்னது நிஜமாக இருக்குமோ என்று யோசிக்கிற மாதிரி பார்த்தார். "நாளைக்கு நாளன்னிக்கு லீவு. வெள்ளிக்கெழமைக்குள்ள பார்சலக் காட்டலீன்னா கார்டு காச என் சம்பளத்துல புடிச்சுட்டு வேலைய விட்டுப் போகச் சொல்லுவாங்க கண்ணு. சித்த நெனச்சுப் பாரு."

வண்டி போனதும் பாத்ரூமில் போய் வாந்தி எடுத்தேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லையே என்று தன் தாய்மொழித் தெலுங்கில் முணுமுணுத்தார்.

ஏன் சொல்லல நான்? வாயைத் திறந்தாப் போதுமே. திறந்தா அப்பா 'ங்க' போடுவார், அவ்வளவுதானே. அவ்வளவுதானா?

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. காலையில் பட்டறையில் பூஜை முடித்துவிட்டு வந்து, அப்பா வீட்டுப் பூஜையை ஆரம்பித்தார். வெர்னியர், ஸ்பேனர் செட், அம்மாவின் தையல் மெஷின், என் புத்தகங்கள். கடைசியாகக் கம்ப்யூட்டர். கேபினட்டை ஈரத்துணியால் துடைத்து மூன்று சந்தனப் பொட்டு வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தார். பொரியும் சுண்டலும் முன்னால். "நீதான வேல செஞ்ச, நீயே சூடம் காட்டு" என்று தட்டை என்னிடம் கொடுத்தார்.

செத்துப்போன பெட்டிக்குச் சூடம் காட்டினேன். "பாத்து, கைய சுட்டுக்காத" என்றார்.

இன்று மட்டும் ஒரு நிம்மதி. பூஜையில் வைத்ததை எடுக்கக் கூடாது. யாரும் சுவிட்சைத் தொட மாட்டார்கள். சாமியை மறைப்பாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அக்டோபர் 2, வியாழன்

வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் அழுதுவிடுவேன்.

காலையில் மறுபூஜை முடிந்து அப்பா புத்தகங்களை எடுத்துக் கொடுத்தார். "இன்னிக்கு நாலு வரி எழுதினா நல்லது. பேப்பர் எடு கண்ணு, உன் கையெழுத்து அழகா இருக்கும்" என்றார். நான் ஏதோ ஸ்லோகம் என்று நினைத்தேன்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் புகார். அந்தக் காப்பி இருந்தால்தான் நடவடிக்கை எடுக்க முடியும் என்று கூரியர் ஆபீசில் சொன்னார்களாம். "எனக்கும் மனசில்ல. ஆனா அந்தம்மா ஒத்துக்க மாட்டீங்குது. என்ன பண்றது?"

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஐயா, வணக்கம். கணபதி பகுதியில் வசிக்கும் திருமலைசாமி ஆகிய நான். இருபத்தேழாம் தேதி வரவேண்டிய பார்சல். "டெலிவரி செய்யும் டெய்சி என்பவர்" என்றார். 'டெ' எழுதினேன். பேனா அதற்குமேல் நகரவில்லை.

"என்ன, டெய்சிதான். எழுது."

எழுந்து போனேன். கட்டிலுக்கடியில் கையை விட்டு யூனிஃபார்ம் பையை இழுத்தேன். பெட்டியைக் கொண்டுவந்து புகார் பேப்பர் மேல் வைத்தேன். பழைய புராசஸரையும் வைத்தேன். சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அம்மா மட்டும் "ஐயோ, ஐயோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அப்பா பேப்பரை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு:

"செருப்பப் போடுங்க."

வந்துவிட்டது. 'ங்க'.

கூரியர் ஆபீஸ்காரருக்குப் போன் செய்து டெய்சியக்கா வீட்டை விசாரித்தார். சர்ச்சுக்குப் பின்னால், மூன்றாவது சந்து. வண்டியில் அப்பாவைப் பிடித்துக்கொள்ளப் பயமாக இருந்தது. பின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

டெய்சியக்கா மாவு ஆட்டிக்கொண்டிருந்தார். கையெல்லாம் மாவு. "ஏனுங்க, கெடச்சுதுங்களா?" என்று அப்பாவைத்தான் கேட்டார். அப்பா ஓரமாக நகர்ந்து நின்றார். நான் முன்னால் வரவேண்டியதாயிற்று.

"உங்ககிட்ட நான்தான் வாங்குனேன்க்கா. பொய் சொல்லிட்டேன்."

அவர் கத்துவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கத்தவில்லை. கிரைண்டரை நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குத்தான் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு நெனச்சுட்டேன் கண்ணு. நாலு நாளா ராத்திரி தூக்கமில்ல. எந்த ஊட்ல குடுத்தேன், எந்த ஊட்ல குடுத்தேன்னு... அன்னிக்குப் போன தெருவுலயெல்லாம் மறுக்காப் போயிக் கதவத் தட்டிப் பாத்தேன். உன் மூஞ்சியப் பாத்ததுக்கப்பறம் என்னையவே என்னால நம்ப முடியல."

அப்பா கை கூப்பினார். அப்பா யாரையும் கை கூப்பி நான் பார்த்ததில்லை. அங்கேயே ஆபீஸ்காரருக்குப் போன் போட்டு, தப்பு எங்கள்மேல்தான் என்று மூன்று தடவை சொன்னார்.

டெய்சியக்கா என்னிடம் வேறெதுவும் சொல்லவில்லை. பரவாயில்லை என்றுகூட.

அக்டோபர் 3, வெள்ளி

சாயங்காலம் அப்பா பட்டறையிலிருந்து பெரிய பூதக்கண்ணாடி கொண்டுவந்து மேஜையில் நிறுத்தினார். டார்ச் பிடித்தார். நான் பென்சிலோடு உட்கார்ந்தேன். இரண்டரை மணி நேரம். ஆறு பின்கள் நிமிர்ந்தன. அந்த ஐந்தாவதை மட்டும் மறுபடி தொடவில்லை, ஓட்டைக்குள் போகிற அளவு நிமிர்ந்திருப்பதே போதும் என்று விட்டுவிட்டேன். பழசை உட்கார வைத்தேன். அழுத்தாமல் தானாக உள்ளே போனது. சுவிட்ச்.

திரை வந்தது.

பயாஸ் அப்டேட்டுக்கு ஆறு நிமிஷம். நடுவில் கரண்ட் போனால் போர்டே செத்துவிடும். அப்பா மெயின் சுவிட்ச் பக்கத்தில் போய்க் காவலுக்கு நின்றார், நின்றால் கரண்ட் போகாது என்பது போல. அம்மா மிக்ஸியைக்கூடப் போடவில்லை. முடிந்தது. புதுசைப் போட்டேன். கார்டும். பம்ப் மாடல் வெண்ணெய் மாதிரி சுற்றியது.

யாரும் சிரிக்கவில்லை. அந்த மாடல் இனி வேண்டியதில்லை. இன்றுதான் கெடு. மத்தியானமே கம்பெனிக்காரர் போன் செய்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். "பரவால்லீங்க, அடுத்த தடவ பாத்துக்கலாமுங்க" என்று அப்பா சொன்னாராம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அக்டோபர் 5, ஞாயிறு

"சாப்புடுங்க."

அக்டோபர் 9, வியாழன்

இன்றும் 'ங்க'தான். ஆனால் டிராயிங்கைச் சுற்றிக் காட்டி, "இங்க ஏனுங்க நெழல் விழுகுது?" என்று என்னைக் கேட்டார். செட்டிங்கை மாற்றிக் கொடுத்தேன். "ம்" என்றார்.

அக்டோபர் 18, சனி

கேபினட் ரொம்பச் சுடுகிறது என்று அப்பா ஒரு ஃபேன் ஆர்டர் செய்திருந்தார். பதினொரு மணிக்கு டெய்சியக்கா வண்டி. தீபாவளிப் பார்சல் மலை மாதிரி கட்டியிருந்தார். அம்மா உள்ளே எண்ணெய்ச் சட்டி முன்னால் முறுக்கோடு இருந்தார். நான்தான் போகவேண்டும். இந்தத் தடவை ஓடவில்லை, நடந்துதான் கேட்டுக்குப் போனேன்.

"அப்பா இருக்காருங்களா?"

"இல்லீங்க்கா. பட்டறைக்குப் போயிருக்காரு."

பெட்டியைக் கொடுக்கலாமா என்று கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு நீட்டினார். நான் வாங்கியதும் போனை எடுத்தார்.

"நெஞ்சுகிட்டப் புடி. மூஞ்சி தெரியோணும்."

பிடித்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் லேசாகச் சிரித்துவிட்டேன்.

"சிரிக்க வேண்டாம் கண்ணு. இது ஆபீசுக்கு."

படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். என் முகத்தையா, பெட்டியையா, தெரியவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். அந்த வண்டி தெருமுனை திரும்புவதற்குள் அப்பாவுக்குப் போன் செய்து, பார்சல் வந்துவிட்டது, என்னிடம்தான் இருக்கிறது என்று சொன்னேன்.