மழை விடும்வரை திறக்காத கதவு

மார்ச் 3, திங்கள்

கடைக்கு இன்று ஒரு தம்பதி வந்தார்கள். அடுப்பு ஜன்னலோரம் இருக்கட்டும் என்று அவள், கூடவே கூடாது என்று அவர். திரையில் அலமாரிகளை இங்கும் அங்கும் நகர்த்திக் காட்டியே எனக்குத் தோள் வலி. கடைசியில் அவர் சொன்னபடிதான் முடிந்தது. சமையலறை வரைந்து கொடுப்பது என் வேலை. பஞ்சாயத்து இலவசம்.

வீட்டுக்கு வந்தால் மகள் ஒரு செய்தி வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை 'நீர்க்கோட்டை' வீடியோ கேம் மறுபடியும் புதுசாக வருகிறதாம். அவள் அப்பா அவளுக்கு ஒரு பிரதி அனுப்புகிறாராம். தெரியும் என்றேன். எனக்கு எங்கே தெரியும்?

பழையதைச் செய்தபோது நாங்கள் ஏழு பேர், மாடியில் ஒரு வாடகை அறை. அவன் இயக்குநர். இடங்களை வரைந்தது நான். சுவர், படிக்கட்டு, எந்த விளிம்பில் கால் வைத்தால் உயிர் போகும் என்பது உட்பட. அப்போது அவனுக்கு மனைவியும் நான்தான்.

மார்ச் 8, சனி

காலையிலிருந்து மகள் ஆடுகிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிக்கிறேன். ஒரே சட்டையை எத்தனை தடவை மடித்தேனோ.

நியாயமாகவே எழுதுகிறேன். தண்ணீர் அழகு. அப்போது நாங்கள் போட்ட தண்ணீர் நீலத் தகடு மாதிரி இருக்கும். இதில் மூழ்கிய தெருவின் மேல் வெயில் விழுந்து நெளிகிறது, ஆட்டத்தின் நாயகி மேலே ஏறி வந்தால் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டு சொட்டுகிறது. சுவர் ஏறுவதும் நன்றாக இருக்கிறது. பழையதில் கை பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காது. எவ்வளவு திட்டு வாங்கியிருப்போம்.

ஆனால் பிடிக்க வேண்டிய கல்லில் எல்லாம் மஞ்சள் பெயிண்ட். நூறு வருஷமாக யாரும் கால் வைக்காத கோட்டையில் யார் வந்து பெயிண்ட் அடித்தது? அது போதாதென்று அந்தப் பெண் வாயை மூடுவதே இல்லை. "இந்த நெம்புகோலை இழுக்கணும் போலிருக்கே." "அந்தப் பக்கம் போய்ப் பார்க்கலாமா?" எங்கள் ஆட்டத்தில் அவள் பேசவே மாட்டாள். நாம்தான் திகைத்து நிற்போம், வழி தெரியாமல். அந்தத் திகைப்பை நான் எவ்வளவு பாடுபட்டுக் கட்டினேன். இங்கே யாரும் ஒரு நிமிஷம்கூடத் தொலைந்து போகக்கூடாதாம்.

மகளிடம் எது பிடித்திருக்கிறது என்று கேட்டேன். "புதுசுதாம்மா. பழசுல எங்க போறதுன்னே தெரியாது" என்றாள். அதுதாண்டி ஆட்டம் என்று சொல்ல வந்து, சாப்பிட வா என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

மகள் ஆட்டத்தில் படகுக் கொட்டகைக்கு வந்துவிட்டாள்.

இதை எழுதித்தான் ஆக வேண்டும். பழைய ஆட்டத்தில் அந்தப் பெரிய துரத்தல் முடிந்ததும் ஒரு தகரக் கொட்டகை. எதிரி இல்லை, எடுக்கப் பொருள் இல்லை. வெளியே மழை. மழை விடும்வரை கதவு திறக்காது. அவ்வளவுதான் அறை.

பள்ளியிலிருந்து அப்பா என்னை சைக்கிளில் கூட்டி வருவார். மழை பிடித்துக்கொண்டால் ஏதாவது பூட்டிய கடை முன்னால் ஒதுங்குவோம். என்னை உள்பக்கம் நிறுத்தி, தான் சாரல் பக்கம் நிற்பார். பேச மாட்டார். கடிகாரமும் பார்க்க மாட்டார். அப்பா இறந்த மாதம்தான் அந்த அறையை வரைந்தேன். அழுதால் வேலை கெடும் என்று வரைந்தேன்.

அவனுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆடுகிறவன் கையைக் கட்டிப்போட்டு மழையைப் பார் என்கிறாயே, தூக்கு அதை என்று ஒரு வாரம் நச்சரித்தான். நான் தூக்கவில்லை. பிறகு ஆட்டம் பேர் வாங்கியதே அந்த அறையால்தான்.

இப்போது கொட்டகை ரொம்ப அழகாக இருக்கிறது. தகரத்தில் ஓட்டை, ஓட்டை வழியே ஒழுகும் நீர், கீழே தேங்கிய குட்டையில் வட்டங்கள். அந்த ஆட்டத்துப் பெண் சுவரில் சாய்ந்து சொல்கிறாள்: "அப்பா, நீங்க இப்ப இங்க இருந்திருக்கலாம்."

கூடவே மூலையில் ஒரு எழுத்து: காத்திருக்க விருப்பமில்லையென்றால் பொத்தானை அழுத்தலாம்.

மகள் அழுத்தினாள். அவளை என்ன சொல்வது, அழுத்தச் சொல்லி எழுதியிருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

மாமா கூப்பிட்டார். விவாகரத்து அவனோடுதான், அவன் அப்பாவோடு இல்லை. வாரம் ஒரு முறையாவது பேசுவார்.

"நான் செத்துட்டேனாம்மா. பேப்பர்ல போட்டிருக்கு" என்றார்.

அவன் பேட்டி. காலையில் நடக்கப் போன இடத்தில் சிநேகிதர்கள் காட்டியிருக்கிறார்கள். ஒருவர் பாதி நடையில் நின்று இவர் கையைத் தொட்டுப் பார்த்தாராம். மாமா சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் நடுவில் குரல் இறங்கிவிட்டது. "எதுக்கும்மா அப்படிச் சொல்லணும்? நான் என்ன கெடுதல் செஞ்சேன் அவனுக்கு?"

வாங்கிப் படித்தேன். 'என் தந்தை இறந்த மாதத்தில் அந்த அறையை வடிவமைத்தேன். சிறுவனாக அவரோடு மழைக்கு ஒதுங்கிய நாட்கள்தான் அது.' பூட்டிய கடை இருக்கிறது. சைக்கிள் இருக்கிறது. சாரல் பக்கம் அவர் நின்றதுகூட இருக்கிறது.

நான் சொன்னது. ஒரே ஒரு தடவை, அவனிடம் மட்டும் சொன்னது.

மாமாவுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது.

மார்ச் 18, செவ்வாய்

பேசினேன் அவனிடம். நிருபர் தப்பாக எழுதிவிட்டாராம். 'எங்க அப்பா' என்றுதான் சொன்னானாம், என் அப்பாவை மனதில் வைத்து. சரி, 'வடிவமைத்தேன்' என்று இருக்கிறதே, அதுவும் நிருபரா என்றேன். அப்புறம் சொல்கிறான்: "எல்லாரும் சேர்ந்து செஞ்சதுதானே. இப்ப கிளறாதே, விருதுக்கு எடுக்கிற நேரம்."

கிளறாதேவாம். எங்கப்பாவைத் தோண்டி எடுத்து உன் அப்பான்னு பேர் வெச்சு ஊருக்குக் காட்டுவே, நான் கிளறக்கூடாதா? தூக்கு தூக்குன்னு நின்னவன்தானே நீ? இதையெல்லாம் கேட்டேனா? இல்லை. போனை வைத்துவிட்டேன். இங்கே எழுதிக் கிழிக்கிறேன்.

புது ஆட்டத்தின் முடிவில் பெயர்கள் ஓடுகின்றன, டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. உணவு ஏற்பாடு செய்தவர் பெயர்கூட உண்டு. என்னுடையது இல்லை.

பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். கம்பெனிக்கும்.

மார்ச் 29, சனி

திருத்தம் வந்திருக்கிறது. வானிலைக்குக் கீழே, ரெண்டே வரி. 'இயக்குநரின் தந்தை நலமுடன் இருக்கிறார். தவறுக்கு வருந்துகிறோம்.'

மாமா உயிரோடு இருக்கிறார். அது மட்டும் சரியாகிவிட்டது. அறையை யார் கட்டியது, செத்தது யாருடைய அப்பா, அதெல்லாம் அவர்களுக்குத் தவறில்லை போலும்.

மாமா கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறாராம், கேட்கிறவர்களுக்குக் காட்ட.

ஏப்ரல் 12, சனி

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ? அவனும் அவளுக்கு அப்பாதானே. முழுக்கக் கேட்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போனாள், கதவு வழியாக அவள் போன் பேசுவது கேட்டது. சண்டை இல்லை. தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்தி.

வெளியே வந்து, "அடுத்த அப்டேட்ல உன் பேர் வரும்மா. கொட்டகை உன்னோடதுன்னு போடுறாங்களாம்" என்றாள்.

சந்தோஷப்பட்டேன். அதற்காக இப்போது என்மேலேயே எரிச்சல்.

ஏப்ரல் 30, புதன்

வரவில்லை.

மே 30, வெள்ளி

வந்தது. மகள் கடைக்கே போன் போட்டுச் சொன்னாள். வேலை முடிந்து ஓடி வந்தேன், பேருந்தில் நின்றுகொண்டே. அவள் முடிவுவரை ஓட்டி வைத்து நிறுத்தியிருந்தாள்.

'படகுக் கொட்டகை — மூல வடிவமைப்பு.' பக்கத்தில் என் பெயர்.

முன்னால் அவன் இனிஷியல்.

பிரிந்து ஒன்பது வருஷமாகிறது. பள்ளியில் சேர்ந்த நாள் முதல் கல்யாணம் வரை, அப்புறம் விவாகரத்திலிருந்து இன்று வரை, என் பெயருக்கு முன்னால் நிற்பது அப்பாவின் எழுத்து. அவருக்காகக் கட்டிய அறையின் பக்கத்திலேயே அவர் இல்லை.

மகள் என் முகத்தைப் பார்த்த பிறகுதான் கவனித்தாள். நல்லா இருக்குடி என்றேன். நம்பவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

அவனே கூப்பிட்டான். மகள் ஏதோ சொல்லியிருக்கிறாள். குரல் மரியாதையாக இருந்தது, கடையில் புகார் கேட்கிற மேலாளர் மாதிரி. பழைய கோப்பில் அப்படி இருந்ததாம், பையன்கள் அப்படியே எடுத்துப் போட்டுவிட்டார்களாம், பெரிய விஷயமில்லை, மாற்றிவிடலாமாம்.

பிறகு கேட்டான்: "உங்கப்பாவுக்கு என்ன எழுத்து?"

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் கையில் போனைப் பிடித்தபடி நின்றேன். பதினோரு வருஷம் மாப்பிள்ளையாக இருந்தவன். அப்பாவின் தட்டில் பாதி எடுத்துச் சாப்பிட்டவன். அவரைத் தூக்கிய தோள்களில் ஒன்று இவனுடையது. சைக்கிள் ஞாபகம் இருக்கிறது, சாரல் ஞாபகம் இருக்கிறது. பெயர் இல்லை.

"ஹலோ? கேக்குதா?" என்றான்.

கேட்டது. நான் சொல்லவில்லை.

ஜூன் 2, திங்கள்

கம்பெனிக்கு எழுதினேன். எழுத்தை மாற்ற வேண்டாம், என் பெயரையே எடுத்துவிடுங்கள்.

ஜூன் 3, செவ்வாய்

எடுத்துவிட்டார்கள். இதற்கு ஒரு நாள்கூட ஆகவில்லை.