லேடி ஆர்ட்லமான்ட் சாய்ந்த நாள்

போர்ட் கிளாஸ்கோ,
20 அக்டோபர் 1984, சனிக்கிழமை.

அன்புள்ள மகன் ஃபெர்கஸுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். மழை வரப்போவதை வானொலிக்கு முன்பே அப்பாவின் முழங்கால் சொல்லிவிடுகிறது, அவ்வளவுதான். அங்கே இப்போது வசந்தம் என்று எழுதியிருந்தாய். அக்டோபரில் வசந்தம் என்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவன் நீ. அதனால் கடைசியில் எழுத நினைத்ததை இங்கேயே எழுதிவிடுகிறேன். உன் தங்கை எல்ஸ்பெத்தும் அவள் கணவன் பிரெண்டனும் நவம்பர் கடைசியில் நீ இருக்கும் ஃபிரிமேன்டிலுக்கு வருகிறார்கள். சுற்றிப் பார்க்க அல்ல, குடியிருக்க. அங்கே படகு பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் பிரெண்டனுக்கு வெல்டர் வேலை கிடைத்திருக்கிறது. உலகத்தில் இத்தனை துறைமுகம் இருக்க உன் அண்ணன் ஊர்தானா கிடைத்தது என்று அவளைக் கேட்டேன். வேலை அங்கேதான் இருந்தது என்றாள். அந்த ஊரில் அவர்களுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. நீ இருக்கிறாய். உன்னைத் தெரிந்தவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமா என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

நீ கல்யாணத்துக்கு வராததில் எனக்குக் குறை இல்லை, தூரம் அப்படி. ஒரு வாழ்த்து அட்டைகூட வரவில்லையே, அதற்குத் தூரத்தைக் காரணம் சொல்ல முடியாது. கத்தோலிக்கப் பையனைக் கட்டினால் எனக்குத் தங்கையே இல்லை என்று ஜூன் மாதம் அப்பாவுக்கு எழுதினாய். அவர் அதை எனக்கு வாசித்துக் காட்டி, "பாத்தியா, பையன் நம்ம பக்கம் நிக்கிறான்" என்றார். அன்று அவருக்கு அது பெருமையாக இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததை அவர் உனக்கு எழுத மாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. கப்பல் கட்டும் தளத்தின் பெரிய கிரேனை ஆகஸ்டில் வெட்டி இறக்கிவிட்டார்கள். இத்தனை வருடம் அதன் நிழலில்தான் பாத்திரம் கழுவினேன். இப்போது மதியத்துக்கு மேல் சமையலறைக்குள் வெயில் வருகிறது. அதற்காகச் சந்தோஷப்படுவதா என்று புரியாமல் திரைச்சீலை தைத்துப் போட்டிருக்கிறேன். தளத்து ஆட்களில் பாதிப் பேர் வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறார்கள். மனைவிமார்கள் எல்லாரும் ஒரே மாதிரி புலம்புகிறோம்: பகலில் ஆண்கள் காலில் இடறுகிறார்கள்.

இனி கல்யாணம். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, பிரெண்டன் வீட்டாரின் கோயிலில் பூசை. அப்பா உள்ளே காலெடுத்து வைக்க மாட்டார் என்பது எல்ஸ்பெத்துக்குத் தெரியும். கெஞ்சிப் பார்க்கவும் இல்லை. அப்பாவின் இடத்தில் நான்தான் அவளைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போனேன். நம் பக்கத்துப் பெஞ்சுகளில் நானும் உன் சித்தி ஐலீனும் தபால்காரர் வீட்டம்மாவும் மட்டும். மற்றவை காலி. எதிர்ப் பக்கம் பிரெண்டனின் ஹெகார்ட்டி வீட்டுச் சனம் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தது.

ஆனால் விருந்தை எங்கே வைத்தாள் தெரியுமா? லேடி ஆர்ட்லமான்ட்டில். அப்பா போகாமல் இருக்க முடியாத இடம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான் என்பதும் அவளுக்குத் தெரியும். அவர் பயிற்சி முடித்து ஃபிட்டரான வருடம் கட்டிய கப்பல். வலப்புறத் துடுப்புச் சக்கரத்தின் வெளிப் பேரிங்கைச் சுரண்டிச் சுரண்டிப் பொருத்தியது அவர் கை. நீ சின்னவனாக இருந்தபோது ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் ரோத்ஸே போகும் வழியில் அந்தச் சக்கரக் கூண்டுக்குப் பக்கத்தில் நம்மை நிற்க வைத்து, "கேளுங்க, சத்தமே இல்ல பாருங்க" என்பாரே. அந்த இரைச்சலில் நமக்கு எது கேட்டது! இப்போது ஆர்வலர் சங்கம் ஒன்று அந்தக் கப்பலுக்குப் பெயின்ட் அடித்து, வார இறுதிகளில் ஓட்டுகிறது.

நாங்கள் கோயிலிலிருந்து கூரக் படகுத்துறைக்கு வந்தபோது அப்பா ஏற்கெனவே கப்பலில் இருந்தார், நல்ல கோட்டும் புது ஷூவுமாக. கேட்டவர்களிடமெல்லாம் "கல்யாணத்துக்கு வரல. கப்பலப் பாக்க வந்தேன்" என்றார். கோயிலுக்கு வராத நம் ஆட்கள் எல்லாருமே கப்பலைப் பார்க்க வந்திருந்தார்கள்! லாக்ஹெட் குடும்பத்தில் உன் பெரியப்பா வீடு, சித்தப்பா வீடு, நம் தெரு, ஜூலை மாதப் புராட்டஸ்டன்ட் ஊர்வலத்தில் அப்பாவோடு ஆரஞ்சுப் பட்டை போட்டு நடக்கிறவர்கள், அவர்களின் மனைவிமார்கள். முதலில் ஏறியதால் வெயில் விழும் இடப்பக்கத்தை முழுக்கப் பிடித்துக்கொண்டார்கள். ஹெகார்ட்டி வீட்டார் வந்து பார்த்துவிட்டு, வலப்பக்க நிழலில் போய் உட்கார்ந்தார்கள். நடுவில் காலியான மேல்தளம். அதில் எல்ஸ்பெத்தும் பிரெண்டனும் நின்றார்கள்.

பிரெண்டனின் அப்பா கான் ஹெகார்ட்டியை உனக்கு ஞாபகம் இருக்கும். கப்பல் தகடுகளை ஆணியடித்து இணைக்கும் ரிவெட் குழுவில் தகட்டின் உள்பக்கம் தாங்கிப் பிடிக்கிறவர், காது கொஞ்சம் மந்தம். இதே கப்பலைக் கட்டியதில் அவரும் வேலை செய்தவர்தான். அப்பாவும் அவரும் அத்தனை வருடம் ஒரே வாசலில் நுழைந்து ஒரே வாசலில் வெளியேறியும் தலையாட்டியதோடு சரி. அதுவும் மழைநாளில்தான்.

டூனூன் துறையைத் தாண்டியதும் மேசையில் தேநீர்க் கோப்பைகள் நகர ஆரம்பித்தன. கல்யாண கேக் மெல்ல இடப்பக்கம் கிளம்பியது. பிரெண்டனின் அத்தை அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, "இது எங்க போகுது? நம்ம பக்கம் இருக்கப் பிடிக்கலையா?" என்றாள். கப்பல் நன்றாகவே சாய்ந்திருந்தது. நம் பக்கத்துச் சக்கரம் ஆழத்தில் புதைந்து முனகியது. அவர்கள் பக்கத்துச் சக்கரம் தண்ணீரை விட்டு மேலே வந்து காற்றில் அடித்தது. துணி துவைக்கும் கல்லில் யாரோ கோபத்தோடு அடிப்பது போல ஒரு சத்தம்.

மேல்தளத்தில் சங்கிலி வண்டி ஒன்று இருக்குமே, பழைய நங்கூரச் சங்கிலி நிரப்பிய சக்கரம் வைத்த இரும்புப் பெட்டி. ஆட்கள் ஒரு பக்கம் குவிந்தால் அதை மறுபக்கம் தள்ளிக் கப்பலை நிமிர்த்துவார்கள். உன்னை அதன் மேல் உட்கார வைத்துத் தள்ளியிருக்கிறார்கள். மேற்பார்வை மாலுமி லாக்லன், டைரீ தீவுக்காரர், ஓடிப்போய் அதைத் தள்ளினார். அசையவில்லை. சங்கத்தார் அதற்குப் பச்சைப் பெயின்ட் அடித்து, பித்தளைப் பெயர்த்தகடு பதித்து, யாரும் தடுக்கி விழாமலிருக்கத் தளத்தோடு போல்ட் போட்டு இறுக்கிவிட்டார்கள்.

"தள்ளுறதுக்குன்னு செஞ்ச வண்டிய முறுக்கி வெச்சிருக்கானுங்க! தகடு வேற! நல்லா காப்பாத்துனீங்கடா கப்பல!" என்று லாக்லன் கத்திவிட்டு, நம் பக்கம் திரும்பினார். "ஐயாமாரே, அம்மாமாரே! சர்ச்சுலதான் பொண்ணு வீடு ஒரு பக்கம், மாப்ள வீடு ஒரு பக்கம். சர்ச்சு சாயாது. இது சாயும். பாதிப் பேரு எந்திரிச்சு அந்தப் பக்கம் போங்க."

ஒருவரும் எழவில்லை. உன் பெரியம்மா செங்கா, "இப்பத்தான் வெயில்ல உக்காந்தேன். கப்பல நிமுத்துறது உன் வேல, என் வேல இல்ல" என்றாள்.

"உங்கள மட்டும் தூக்கிட்டுப் போனாப் போதும் அக்கா, முக்கால்வாசி நிமிந்துரும்" என்றார் லாக்லன்.

சிரிப்பு வந்தது, ஆள் நகரவில்லை. எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா தண்ணீரைப் பார்த்தார். எல்ஸ்பெத் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. எஞ்சின் அறைக் கம்பியைப் பிடித்தபடி தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவளும் அவர் பெண்தானே.

அந்தச் சக்கரம் இன்னொரு முறை வெளியே வந்து அடித்தது. அப்பாவின் முகம் பல்வலிக்காரர் முகம் மாதிரி ஆனது. "அது என் பேரிங்கு" என்றார். மறுபடி அடித்தது. எழுந்துவிட்டார். "கல்யாணத்துக்காகன்னு எவனும் நெனக்க வேணாம். சக்கரத்துக்காகப் போறேன்" என்று ஊருக்கே கேட்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சாய்ந்த தளத்தில் அது மேட்டு நடை. புது ஷூ, வழுக்கும் தோல். நடுவில் வந்ததும் கால் சறுக்கியது. எல்ஸ்பெத் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டார். மீதித் தூரம் இருவரும் கையைப் பிடித்தபடி ஏறினார்கள். கோயிலில் நடந்திருக்க வேண்டியதைவிடக் குறைந்த தூரம்தான். மேலே போய்ச் சேர்ந்த பிறகும் அவர் உடனே கையை விடவில்லை. கால் நிலைக்கட்டும் என்று பிடித்திருந்தேன் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

இதற்குப் பிறகுதான் வேடிக்கை. அப்பா போனதும் நம் ஆட்கள் மொத்தமாக எழுந்து அவர் பின்னாலேயே போய்விட்டார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. செங்காகூடத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். கப்பல் நிமிர்ந்தது, அதோடு நிற்காமல் மறுபக்கம் சாய்ந்தது. "பாதின்னு சொன்னேன்! பாதி! லாக்ஹெட் குடும்பத்துல யாருக்கும் கணக்குத் தெரியாதா?" என்று லாக்லன் தலையில் அடித்துக்கொண்டார். அப்போது கான் எழுந்தார். "வாங்கடா நம்மாளுங்க. அந்தப் பக்கம் வெயிலாவது இருக்கு" என்று தம்பிமார்களைக் கிளப்பிக்கொண்டு நடந்தார். அப்பாவைக் கடக்கும்போது நின்று, "என்ன ஆர்ச்சி, உன் பேரிங்கு பத்திரமா?" என்றார்.

"உன் ரிவெட்டு ஒழுகாம இருந்தா என் பேரிங்கு பத்திரமா இருக்கும்" என்றார் அப்பா. கானுக்குக் காதில் விழவில்லை. அப்பா பக்கத்தில் போய் உரக்க மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று. கான் சிரித்த சிரிப்பில் கேக் ஆடியது.

அதன் பிறகு யார் எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. யாராவது எழுந்து இடம் மாறினால், "சாயுது, சாயுது!" என்று மொத்தக் கப்பலும் கத்தியது. ரோத்ஸே தாண்டிய குறுகலான நீர்வழியில் அக்கார்டியன் வாசித்தார்கள். நான் ஆடினேன். அப்பாவைக் காணோம். கானையும் காணோம். எஞ்சின் பார்க்கப் போயிருக்கிறார்கள் என்றார்கள். ஆண்கள் எஞ்சின் பார்க்கப் போனால் எங்கே இருப்பார்கள் என்று தெரியாதா? கப்பலின் மதுக்கூடக் கதவைத் திறந்து பார்த்தேன், இல்லை. எஞ்சின் அறையில் கம்பி மேல் முழங்கையை ஊன்றி, இரண்டு பேரும் நிஜமாகவே எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூடான எண்ணெய் வாசனை. அங்குள்ள படகுகளில் அந்த வாசனை இல்லை என்று போன கிறிஸ்துமஸுக்கு எழுதினாயே, அது. கையில் கிளாஸ் இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன், நீ நம்ப வேண்டுமே.

மறுவாரம் இருவரும் ஸ்பானரோடு போய், சங்கத்தாரிடம் சண்டை போட்டு, அந்த வண்டியின் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு வந்தார்கள். தகடு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்களாம்.

கண் வலிக்கிறது. நாளை முடிக்கிறேன்.

ஞாயிறு காலை.

அப்பா சபைக்குப் போயிருக்கிறார். அவர் மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதே. அடுத்த ஜூலையிலும் பட்டை போட்டு நடப்பார். கானும் தன் கோயிலுக்குத்தான் போவார். நான் சொல்வது ஒரு மத்தியானத்தைப் பற்றி மட்டும்.

நேற்று இரவு உணவுக்குப் பிறகு, ஃபெர்கஸுக்கு எழுதுகிறேன், ஏதாவது சொல்லணுமா என்று கேட்டேன். வெகுநேரம் பைப்பைக் குத்திக்கொண்டிருந்தார். "என்னத்தச் சொல்ல? நான் சொல்லிக் குடுத்ததத்தான் அவன் சொல்றான்" என்றார். பிறகு உள்ளே போய், எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அவருடைய சுரண்டுளி. அந்தப் பேரிங்கைப் பொருத்தியதும் அதைக் கொண்டுதான். உனக்காம். தபாலில் அனுப்பிவிடுகிறேன் என்றேன். "தபால் வேணாம். தொலஞ்சிரும். மருமகன் கையில குடுத்து விடுறேன், அவன் நேர்ல குடுப்பான்" என்றார். மருமகன் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் முறை. நான் காதில் விழாதது போலத் தட்டுகளை எடுத்தேன். கவனித்தேன் என்று தெரிந்தால் அவர் இன்னொரு முறை சொல்ல மாட்டார்.

அப்பா எழுந்து போனபோது நம் ஆட்கள் எல்லாரும் அவர் பின்னால் போனார்கள் என்று மேலே எழுதினேன். ஒருவன் மட்டும் அன்று அங்கே இல்லை.

அவர்கள் விமானம் நவம்பர் 27 விடிகாலையில் உன் ஊருக்குப் பக்கத்தில் பெர்த் விமான நிலையத்தில் இறங்குகிறது. நீ வருவாய் என்று நான் எல்ஸ்பெத்திடம் சொல்லவில்லை. வரமாட்டாய் என்றும் சொல்லவில்லை. நீல நிறக் கோட்டு போட்டிருப்பாள், அந்த ஊர் வெயிலுக்கு அது ஆகாது என்று சொன்னால் கேட்கவில்லை. அவள் பக்கத்தில் உயரமாக, காது சிவந்து, கையில் எண்ணெய்த் துணிப் பொட்டலத்தோடு நிற்பான் பிரெண்டன். அதைப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

உனக்கு நல்ல உடம்பும், நல்ல வேலையும், மேசைக்கு எதிரே பேச ஆளும் ஆண்டவர் கொடுக்கட்டும். தொப்பி இல்லாமல் வெயிலில் நிற்காதே. விடிகாலையில் குளிராக இருந்தால், நீயும் ஒரு கோட்டு எடுத்துக்கொண்டு போ.

உன்னை நினைக்காத நாளில்லாத
உன் அம்மா,
நெட்டா லாக்ஹெட்