பெயர் சொல்லிக் கூப்பிடும் இடையன்

இஞ்சேருங்கோ, எங்கை நின்றாலும் ஒருக்கா இந்தப் பக்கம் திரும்புங்கோ,

நீங்கள் போய் ஒரு வருசம், உங்கள் ஆட்டைத்திவசம் போன மாதம் முடிந்தது. சமையலுக்கு ஆள் பிடிக்கவில்லை, நானே சமைத்தேன். முருங்கைக்காய்க் குழம்பு நல்லாய்த்தான் வந்தது. நீங்கள் இருந்திருந்தால் உப்புக் கூடிப்போச்சு என்றிருப்பீர்கள், நானும் கோபித்துக்கொண்டு குசினிக்குள் போயிருப்பேன். கோபிக்க ஆளில்லாவிட்டால் செவ்ரானில் இருக்கிற இந்த இரண்டு அறை வீடு இவ்வளவு பெரிதாகிவிடும் என்று யார் கண்டது?

நான் எழுத வந்த விசயம் வேறு. சொல்ல வெட்கமாய் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை, லா சப்பலில், உங்கள் நாடகக்காரரின் மண்டபத்தில், அவ்வளவு சனத்துக்கு முன்னால் நான் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

நான்! கலியாணம் கட்டிய நாளிலிருந்து ஒரு தடவையாவது அந்தப் பெயரை வாயால் சொன்னேனா? விசாவுக்குப் போன பிரெஞ்சுக் கந்தோரில், அந்தப் பிரெபெக்சூரில், "கணவர் பெயர்?" என்று கேட்டபோது உங்கள் அட்டையைக் கண்ணாடிக்குக் கீழால் தள்ளிவிட்டவள் நான். எனக்குக் காது கேட்காதாக்கும் என்று நினைத்து அந்த மதாம் கையை ஆட்டி ஆட்டிக் கத்தினாள். நீங்கள் பின்னால் நின்று சிரித்தீர்கள், உதவிக்கு வரவில்லை. வீட்டில் எனக்கு 'இஞ்சேருங்கோ' போதுமாய் இருந்தது. கடைத்தெருவில்தான் கரைச்சல். லா சப்பல் சந்தியில் நின்று இஞ்சேருங்கோ என்றால் நாலு கிழவன்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

எல்லாம் உங்கள் வாயால் வந்த வினை. நீங்கள் வேலை செய்த ரெஸ்ரோறண்டிலிருந்து அந்த மண்டபத்துக்கு வடைப்பெட்டி கொண்டுபோனவர் வைத்துவிட்டு வந்திருக்கலாம்தானே? மேசையில் கிடந்த பாட்டுத்தாளை எடுத்து எழுத்துக் கூட்டி வாசித்தீர்கள். அரசனுக்கு இந்த ஊரார் 'ஹ்வா' என்பார்கள். நீங்கள் எழுதியிருக்கிறபடியே 'றொய்' என்றீர்கள். ஒரு சொல்லின் கடைசி எழுத்தையும் விழுங்கவில்லை, றகரத்தை நன்றாய் உருட்டினீர்கள். "பப்பா, அப்பிடிச் சொல்லக்கூடாது" என்று எங்கள் ஆரணி சின்ன வயதிலிருந்து தலையில் அடித்துக்கொண்ட அதே பிரெஞ்சு. ஆனால் நாடகத்தை நடத்துகிற ஒடீல், கையில் எடுத்த வடையைத் திரும்ப வைத்துவிட்டு உங்கள் கையைப் பிடித்தாளாம். எழுநூறு வருசத்துக்கு முன்னால் இந்த நாட்டில் இப்படித்தான் பேசினார்களாம், தன்னுடைய ஆட்களுக்கு எவ்வளவு பழக்கியும் அது வரவில்லையாம்.

அன்றைக்கு வாசலில் சப்பாத்தைக் கழற்ற முதலே கத்தினீர்கள்: "இஞ்சேரும், என்ரை பிரெஞ்சு பிழையில்லையாம். கொஞ்சம் பழசாம்!"

அதற்குப் பிறகு ரெஸ்ரோறண்ட் பூட்டுகிற திங்கட்கிழமைகளில் உங்களை வீட்டில் கண்டது யார்? அந்தக் காலத்துப் பாட்டுக்காரரைப் பற்றி, என் மரக்கறிக் கடை வேலை முடிந்து இரண்டு பேருமாய் ரயிலில் வரும்போது எனக்குச் சொல்லுவீர்கள். சொல்லும் அவர்களுடையது, மெட்டும் அவர்களுடையது. பாட்டுக் கட்டுகிறவனுக்குக் 'கண்டெடுக்கிறவன்' என்றுதான் பெயராம். "எழுதிறேல்லையப்பா, எங்கையோ கிடந்ததைக் கண்டெடுக்கிறது" என்று சொல்லிவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பீர்கள், ஏதோ தண்டவாளத்து ஓரத்தில் ஒரு பாட்டு விழுந்து கிடக்கிற மாதிரி. எனக்கும் நித்திரைக் கலக்கத்தில் அப்படித்தான் தெரியும். எந்த நிலையத்தில் நிற்கிறோம், எந்தக் காலத்தில் நிற்கிறோம் என்று பிடிபடாது.

காதலித்தவளைப் பற்றிப் பாட்டுப் பாட்டாய்ப் பாடுவார்களாம், ஆனால் அவளுடைய பெயரை மட்டும் வெளியில் விட மாட்டார்களாம். நான் உடனே சொன்னேன்: "அப்ப அவங்களும் எங்கடை ஆக்கள்தான்." நீங்கள் சிரித்த சிரிப்பில் எதிரே இருந்த பெட்டை காதில் செருகியிருந்ததைக் கழற்றிவிட்டுப் பார்த்தது.

கோயில் நாடகம் இல்லை, சாமி வராத நாடகம் என்று சொல்லித்தான் என்னைக் கூட்டிப்போனீர்கள். குதிரையில் வருகிற பெரிய மனுசன் ஆடு மேய்க்கிற பெட்டையை மயக்கப் பார்க்கிறான், அவள் போ ஐயா என்று துரத்திவிட்டுத் தன்னுடைய பெடியனோடு ஆடுகிறாள். கடைசியில் ஒரு கிழட்டு இடையன் ஒவ்வொருவராய்ப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். கூப்பிடப்பட்டவர் இருக்கிறேன் என்று சொல்லி வந்து கைகோர்ப்பார். அவ்வளவுதான் உங்கள் வேசம். அதற்கு நீங்கள் விட்ட எடுப்பு கொஞ்சமா!

நீங்கள் போன பிறகு அந்த இடத்தை ஒருவருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். பிறகு ஒருநாள் ஒடீல் கடைக்கே வந்து, பாகற்காய்க்கும் வெண்டிக்காய்க்கும் நடுவில் நின்று, "உங்களுக்கும் அதே றகரம், அந்த இடையன் வேசத்தை நீங்கள் கட்டுங்கள்" என்றாள். விசர்க் கதை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எப்படி ஓம் என்று வந்தது? எனக்கு இன்னும் தெரியாது.

திங்கட்கிழமைப் பின்னேரங்களில் இப்போது நான் போகிறேன். உயர்ந்த யன்னலால் வெயில் சரிந்து விழும், யாரோ குழல் ஊதுவார்கள், மேலே மெட்ரோ போகும்போது மேசையில் கோப்பைகள் கிணுகிணுக்கும். கண்ணை அரைவாசி மூடிக்கொண்டால் ஆடுகள் தெருவைக் கடந்து போகின்றன, சீலைக் கடை வாசலால். அந்தக் கூட்டத்துக்குள் உங்கள் முதுகு மாதிரி ஒரு முதுகும் போகிறது. கண்ணைத் திறக்க மனம் வராது.

போன மாதம்தான் அந்த முடிவை எடுத்தார்கள். இடையன் கூப்பிடுகிற பெயர்களில் கடைசியாய் உங்கள் பெயரைச் சேர்ப்பதாம். அதற்குப் பதில் வராது. கொஞ்ச நேரம் எல்லாரும் பேசாமல் நிற்பார்கள், பிறகு மேளம் தொடங்கும். நல்ல மனதோடுதான் செய்தார்கள், அதில் குறையில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒடீல், வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடுங்கள் என்றாள். மாட்டேன் என்றேன். இஞ்சேருங்கோ என்று நான் கூப்பிட்டு ஒரு நாளாவது 'ம்' என்றாவது சொல்லாமல் இருந்தீர்களா? அந்தச் சொல்லைப் பிறத்தியாருக்கு முன்னால் அந்தரத்தில் தொங்க விட எனக்கு விருப்பமில்லை.

கடையில் என்னோடு நிற்கிற சறோ சிரிக்கிறாள். "இப்பத்தைப் பெட்டையள் புருசனைப் பூனையைக் கூப்பிடுற மாதிரிப் பேர் சொல்லிக் கூப்பிடுதுகள். உமக்கு மட்டும் என்ன நோகுது?"

வெட்கம் என்று சொல்லிச் சமாளித்தேன். வெட்கம் இல்லை, பயம். உங்களுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்ல? நான் பெயர் சொல்லிக் கூப்பிடாதவரைக்கும் நீங்கள் வராமல் விட்டதாய்க் கணக்கில்லை. ரயில் பிந்தியிருக்கும், வழியில் யாரோடாவது கதைத்துக்கொண்டு நிற்பீர்கள். கூப்பிட்ட பிறகும் வராவிட்டால்? பிறகு நான் எதை நம்பிக்கொண்டு கதவுப் பக்கம் பார்ப்பது?

அதனால் ஒவ்வொரு ஒத்திகையிலும் அந்த இடம் வர எனக்கு இருமல் வந்தது. ஒடீல் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள், பாவம்.

இன்றைக்குக் கடைசி ஒத்திகை. ஆரணி வேலை முடித்து என்னைக் கூட்டிப்போக வந்து, பின் கதிரையில் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொரு பெயராய்க் கூப்பிட்டேன், ஒவ்வொருவராய் வந்தார்கள். உங்கள் முறை வந்தது. கதிரை முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, சொல்லிவிட்டேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாய் வந்தது.

"பிரெசாந்த்!"

பின்னால் இருந்து ஒரு குரல், பிரெஞ்சில் 'இருக்கிறேன்' என்று. கண்ணைத் திறந்தால் ஆரணி கையை உயர்த்தியபடி அரைவாசி எழும்பி நிற்கிறாள்.

இந்த நாட்டில் தகப்பன் பெயர்தானே பிள்ளைக்குக் குடும்பப் பெயர். மூன்று வயதிலிருந்து ஒவ்வொரு காலையும் ஆசிரியை அந்தப் பெயரைத்தான் நாக்குச் சுளுக்கக் கூப்பிட்டாள். பிள்ளையும் கையை உயர்த்தி 'இருக்கிறேன்' என்று சொல்லிப் பழகினது. யோசிக்காமல் வந்துவிட்டது. "பார்தோன், அம்மா... நான் என்னைத்தான் எண்டு..." என்றாள். சுடலையில் கண்ணீர் விடாத பிள்ளை, இருந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

நானா? முதலில் சிரித்தேன். பிறகு ஐயோ என்று குழறினேன். மேளக்காரன் மேளத்தைக் கீழே வைத்துவிட்டான்.

பதில் வராத இடத்தை அப்படியே விடுவதா என்று கொஞ்ச நேரத்தின் பின் ஒடீல் கேட்டாள். ஆரணி மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தானும் வருவதாய்ச் சொன்னாள். பாட மாட்டாளாம். கூப்பிட்டால் வந்து என் கையைப் பிடிப்பாளாம்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன், இருமாமல். ஒரு எழுத்தையும் விழுங்க மாட்டேன், இது சத்தியம். ஆஸ்பத்திரியிலும் தபால் கந்தோரிலும் அந்தப் பெயரை யார் கூப்பிட்டாலும் இனி எழும்பி நிற்கப்போவது நாங்கள் இரண்டு பேரும்தானே.

இப்படிக்கு,
உங்கள் மனுசி,
மதாம் தில்லையம்பலம்