மூன்றாம் ஓலைக்கு முன்

சேசு மரி சூசை துணை

மயிலாப்பூர்,
23-2-1946, சனிக்கிழமை

அன்புள்ள மகள் மர்சலினுக்கு அம்மா எழுதுவது.

சர்வேசுரன் கிருபையால் என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. இதைக் கடித வழக்கத்துக்காக எழுதியதாக எண்ணாமல் இன்னொரு தடவை படி. புதன்கிழமை போட்ட கார்டில், எனக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்தால் நம்பாதே, லீவு போடாதே என்று மட்டும் எழுதியிருந்தேன். கார்டைத் தபால்காரர் முதல் எல்லோரும் படிப்பார்கள், அதனால் காரணம் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

முதலில் நான் சொல்லாமல் விட்டது. இந்த மாதம் இரண்டாவது ஞாயிறு, பூசையில் பிரசங்கம் முடிந்ததும் சாமியார் கலியாண ஓலை வாசித்தார். அடையாற்றில் இருந்துகொண்டு துறைமுக ஆபீசில் வேலை பார்க்கும் இக்னேஷியசுக்கும், பூனா ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் மர்சலினுக்கும் என்றார். உன் அப்பா பெயரையும் என் பெயரையும் சேர்த்துச் சொன்னார். இது முதல் ஓலை, இவர்கள் கலியாணத்துக்கு விக்கினம் உண்டென்று அறிந்தவர்கள் வந்து சொல்லக்கடவார்கள் என்று வழக்கம்போல முடித்தார். நான் பெண்கள் பக்கத்தில் முக்காட்டோடு தரையில் உட்கார்ந்திருந்தேன். என் மகளை இது பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று நான் எழுந்து சொல்லவில்லை. வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்ட பெண்களிடமும் சொல்லவில்லை. சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். உன் பெரியப்பா வாசலில் நின்று எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்.

நீ திகைத்துப்போவாய், அதனால் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். கிறிஸ்துமஸ் சமயத்தில் உன் பெரியப்பா இந்தப் பையனைப் பற்றிப் பேச்செடுத்தார். மர்சலினுக்கு எழுதிக் கேட்கவேண்டும் என்று சொன்னேன். கேளேன் என்றார். நான் எழுதுவதற்குள் உன் கடிதம் வந்தது. ராணுவ ஆஸ்பத்திரியைக் கலைக்கப்போகிறார்கள், இங்கே ஒரு ஆஸ்பத்திரியிலும் பெங்களூரில் ஒன்றிலும் நர்ஸ் படிப்புக்கு இடம் தருகிறார்கள், மெட்ராஸா பெங்களூரா, நீயே சொல் அம்மா என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் சுற்றிவந்தேன். என் தப்பு, உன் பெரியப்பாவிடமும் அதைச் சொன்னது. இதுல இன்னா ரோசனை, கண்ணாலம் ஆயிட்டா புருசன் இருக்கிற ஊருதான் ஊரு, கேள்வியே இல்ல பாரு என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் கலியாணம் கிடையாது, அது தொடங்கும் விபூதிப் புதனுக்கு முன்னால் முடிக்கவேண்டும், அதற்குள் மூன்று ஞாயிறு மூன்று ஓலை வாசித்தாகவேண்டும் என்று கணக்குப் போட்டு, பெண் ஒத்துக்கொண்டாள் என்று சாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டார். இதைப் பொய் என்று அவர் நினைக்கவில்லை. பெரியவர்கள் ஒத்துக்கொண்டால் பெண் ஒத்துக்கொண்ட மாதிரி, அவருக்கு அது ஒன்றுதான்.

முதல் ஓலைக்குப் பிறகாவது பேசலாம் என்று அவரிடம் போனேன். மர்சலின் வராமல் கலியாணம் எப்படி நடக்கும் என்று கேட்டேன். வெற்றிலை போட்டுக்கொண்டே, அம்மாக்கு ஒடம்பு சரியில்லன்னு ஒரு தந்தி அடிச்சா ஓடியாந்துட்றா, வந்தப்புறம் ஜனங்க முன்னாடி மாட்டேன்னுவாளா என்றார். அந்த இடத்தில்தான், மர்சலின், எனக்கு உள்ளே ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. என்னைக் கட்டிலில் படுக்கவைத்து, என் பெயரில் உன்னை ரயிலேற்றுவதா. அன்றைக்கு அப்படியே எழுந்து வந்துவிட்டேன், ஆனால் இந்தத் தடவை என்ன செய்யப்போகிறேன் என்பது தெரிந்திருந்தது.

இரண்டாம் ஓலை வாசித்த அன்றைக்கே சாமியார் வீட்டுக்குப் போனேன். விக்கினம் சொல்ல வந்திருக்கிறேன் என்றேன். அவர் மூக்குப்பொடி டப்பாவை மூடிவிட்டு, ஏனம்மா, பையனுக்கு வேறு பெண்சாதி இருக்கிறாளா என்று கேட்டார். இல்லை சாமி, பையன் யோக்கியன், பெண்ணைக் கேட்கவில்லை, அதுதான் விக்கினம் என்றேன். பெரியவர் சொன்னாரே என்றார். கலியாணத்தில் சம்மதம் சொல்லப்போவது பெரியவரா என் மகளா என்றேன். நல்ல இடம், நீ தனி ஆள், யோசித்துப் பார் என்றார். யோசித்துத்தான் வந்தேன், சிலுவையில் கை வைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன் என்றேன். அவர் மறுபடி டப்பாவைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம் என்று மட்டும் சொன்னார். நாளைக்குத்தான் அந்த ஞாயிறு.

செய்தி அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டது. என் வூட்ல இருந்துகினு என் மூஞ்சிலயே கரியைப் பூசிட்டியே, புஸ்தகம் படிக்கிற பொம்பளைய வச்சிக்கினா இப்டித்தான் என்று உன் பெரியப்பா கூடம் அதிரக் கத்தினார். படித்ததால் இல்லை, பெற்றதால் என்று சொன்னேன். மாசக் கடைசிக்குள் பின்கட்டைக் காலி செய் என்றார். சரி என்றேன். அவர் எதிர்பார்த்தது அழுகை. உன் அப்பா போனபின் இவ்வளவு காலம் இடம் கொடுத்த மனிதர், அதை நான் மறக்கவில்லை, நீயும் மறக்காதே. ஆனால் இடம் கொடுத்ததற்குப் பதிலாக உன்னைக் கொடுக்க முடியாது.

எங்கே போவேன் என்று கவலைப்படாதே. எங்கள் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுக்கும் அன்வரி பேகத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன் அல்லவா. அவர் வீட்டு மாடி அறை காலியாக இருக்கிறது. வாடகை என்ன என்று கேட்டேன். அது கெடக்குது டீச்சர், தெனம் சாயங்காலம் லைப்ரரியிலேர்ந்து கொண்டாறீங்களே அந்தக் கதைய எனக்கும் சொல்லணும், பாதியில நிறுத்தினா ரூமைப் பூட்டிடுவேன் என்றார். அவருக்குத் தமிழ் எழுத்து வராது. வாடகையும் தருவேன், கதையும் சொல்வேன்.

இனி உன் கேள்வி. நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே காலியானபோது நாம் பெங்களூர் கண்டோன்மெண்டில் ஒற்றை அறையில் இருந்தோமே, நினைவிருக்கிறதா. குளிரில் எனக்கு உதடு வெடித்து ரத்தம் வரும், நீ போர்வைக்குள்ளிருந்து முகத்தை மட்டும் நீட்டிப் படிப்பாய். சுற்றிலும் தமிழ் பேசும் சனங்கள்தான், பூசை தமிழ்ப் பிரசங்கத்தோடு நடந்தது, அரிசிக்கும் குறைவில்லை. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது வேறு. கப்பன் பூங்கா பக்கம் நான் தனியாக நடந்து போவேன், ஒருவரும் எங்கே போகிறாய் என்று கேட்கமாட்டார்கள். நான் இன்னார் பெண்சாதியும் இல்லை, இன்னார் தம்பி வீட்டுக்காரியும் இல்லை. இங்கே லஸ் முனைக்குப் போவதற்குள் நாலு பேர் கேட்டுவிடுவார்கள். மறுபக்கம், இங்கே கடல் இருக்கிறது. சாயங்காலக் காற்று வீசியதும் பகல் வெயிலை மன்னித்துவிடத் தோன்றுகிறது. மீன்கார முனியம்மாளிடம் பெங்களூர் பேச்சைச் சொன்னேன், அங்க போயி சேரசொல்லோ மீனுக்கே தன் ஊரு மறந்துபூடும் தாயி, அந்த மீனையா துண்ணப்போவுது பொண்ணு என்றாள். அவள் ஓட்டு மெட்ராசுக்கு.

என் ஓட்டு எதற்கு என்று கேட்டால், நீ பக்கத்தில் இருக்கவேண்டும் என்று இருக்கிறது. அதனால்தான் என்னைக் கேட்காதே என்கிறேன். உன் பெரியப்பா வேறு வழியில் செய்ததை நான் அன்பு வழியில் செய்யமாட்டேன். எந்த ஆஸ்பத்திரியில் படிப்பு நன்றாக இருக்கிறது, எங்கே உன்னைப் பிரசவ வார்டுக்கு விடுவார்கள், விடுதியில் இருப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதையெல்லாம் உன்னோடு வேலை செய்யும் நர்சுகளிடம் விசாரி. மெட்ராசுக்கு வருவதானால் படிக்க வா, ஓலைக்காகவும் வராதே, என் தனிமைக்காகவும் வராதே. பெங்களூருக்குப் போவதானால் போ, ஆனால் என்னைக் கூப்பிடாதே. நான் இந்த ஊரை விட்டு வரமாட்டேன், இங்கே எனக்கு வேலை இருக்கிறது, இப்போது என் சொந்தப் பெயரில் ஓர் அறையும் இருக்கப்போகிறது. இக்னேஷியசைப் பிறகு ஒருநாள் உனக்கே பிடித்தால் அதுவும் உன் இஷ்டம்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். உன்னைவிட நான் பதினைந்து வயதுதான் மூத்தவள். என் ஓலையை வாசித்தபோது எனக்குப் பதினான்கு, வரப்போகிற ஜரிகைப் பாவாடையைப் பற்றி நினைத்துக்கொண்டு அதே தரையில் உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா தங்கமான மனிதராக அமைந்தார். அது என் அதிர்ஷ்டம், என் சம்மதம் இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிய எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று, உனக்கு ஆகவேண்டாம்.

சாப்பாட்டில் கவனமாக இரு, இரவு வேலை முடிந்து வெறும் தேநீரோடு படுக்காதே. மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காப்பாளாக, நீ எந்த ஊரில் கால் வைத்தாலும் உன் கால் வலுவாக நிற்கட்டும். தந்தி விஷயம் மறவாதே. எனக்கு நிஜமாகவே உடம்புக்கு வந்தால் அன்வரி பேகம் பெயரில்தான் தந்தி வரும், வேறு எவர் பெயரில் வந்தாலும் கிழித்துப் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
லூயிசா

திங்கட்கிழமை காலை. ஞாயிறு தபாலாபீஸ் கிடையாது என்பதால் கடிதம் கையிலேயே இருந்தது. நேற்றுப் பூசையில் சாமியார் இரண்டு ஓலை வாசித்தார். இரண்டிலும் உன் பெயர் இல்லை.