மூடுவதற்கு முன் என்னைக் கூப்பிடு

இன்று காலை ஒரு பழைய காரின் கார்பெட்டைப் பிய்த்து எடுத்தேன். அடியில் வெள்ளையாக ஏதோ விரலில் ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். மல்லிகைப் பவுடர். யா அல்லாஹ், சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக் பட்டறையில், பெட்ரோல் நாற்றத்துக்கும் பசை நாற்றத்துக்கும் நடுவில் உன் பவுடர்! பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ வயர் போட்ட கார் அது. யாருடைய கார் என்று எனக்கு ஞாபகமில்லை. வேலையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நாலு விரல் இடைவெளிக்கு ஒரு முடிச்சு, மெழுகு பூசிய நூலில். எல்லா முடிச்சும் ஒரே பக்கம் பார்த்தபடி. முட்டி வலியைக்கூட மறந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வயர்களைக் கட்டாகச் சேர்த்து உறைக்குள் நுழைக்கும்போது வழுக்கிக்கொண்டு போவதற்காக நீ பவுடர் தூவுவாய். அதைத் தேக்கா கடைத்தெருவில்தான் வாங்குவாய், அதுவும் மல்லிகை வாசம்தான் வேண்டும் உனக்கு. "என்னய்யா, பட்டறைக்கு வர்ற ஆளு இப்பிடி மணக்கிற?" என்று நான் கேட்டால், "பொண்ணு பாக்கப் போறேன் பாய், நீயும் வர்றியா லா?" என்பாய். அறுபது வயதில் பேசுகிற பேச்சா அது! சாயங்காலம் உன் மயிரெல்லாம் வெளுத்துப்போய் இருக்கும், நரை எது, பவுடர் எது என்று தெரியாது.

இருபது வருஷம் நம் இரண்டு பேர் பட்டறைக் கதவும் அடுத்தடுத்து இருந்தன. நீ வயர்மேன். நான் சீட்டுக்கு உறை தைத்து, தரைக்குக் கார்பெட் போடுகிறவன். பழைய கார்களைப் புதுப்பிக்கிறவர்கள் உன்னிடம் வந்தால் என்னிடமும் வந்தாக வேண்டும். நீ முடித்த பிறகுதான் நான் மூட முடியும். நான் மூடிய பிறகு உன் வேலையை யாரும் பார்க்க முடியாது. "யாருமே பாக்காத எடத்துக்கு ஏன்யா இவ்வளவு அழகு?" என்று ஒரு நாள் எரிச்சலில் கேட்டேன். "நீ பாப்பல்ல? மூடுறவன் நீதானே" என்றாய்.

உன் வேலை ஆமை வேலை. டாஷ்போர்டுக்குப் பின்னால் எவனெவனோ விட்டுப் போன வயர்கள், ரேடியோவுக்கு ஒன்று, ஃபேனுக்கு ஒன்று, எதற்கென்றே தெரியாமல் பத்து என்று குடல் குடலாகத் தொங்கும். வேறு ஆளாக இருந்தால் வெட்டி எறிந்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். நீ ஒவ்வொன்றாகப் பிடித்து, எங்கே தொடங்குகிறது, எங்கே போய் முடிகிறது என்று பார்த்து, காகிதத்தில் எழுதிக்கொண்டு பிறகுதான் கழற்றுவாய். புதிதாகப் போடும்போது தகட்டில் இருக்கும் ஓட்டை ஒவ்வொன்றுக்கும் ரப்பர் வளையம். கால் மிதிக்கும் இடத்தில் வயரே கூடாது. கதவுக்குள் போகும் வயருக்கு ஒரு விரல் தொய்வு. "கதவு தெறக்கும்போது அதுவும் மூச்சு விடணும் பாய்." நான் கார்பெட்டை வெட்டி வைத்துக்கொண்டு கத்துவேன், "இன்னும் எத்தன நாளுய்யா?" நீ திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாய். "மூடறதுக்கு முன்னாடி என்னக் கூப்பிடு. அது போதும்."

கூப்பிடுவேன். டார்ச்சோடு வந்து, வயர்க் கட்டின் மேல் உள்ளங்கையை வைத்து முன்னாலிருந்து பின்னால் வரை தடவிப் பார்ப்பாய். "சரி, மூடு" என்பாய். இருபது வருஷத்தில் ஒரே ஒரு தடவை உன்னைக் கூப்பிடாமல் மூடினேன்.

அந்தப் பல் டாக்டரின் கார். உனக்கு மறந்திருக்காது. பேட்டரி டிக்கியில் இருக்கும் கார் அது. அங்கிருந்து முன்னால் எஞ்சினுக்கு வரும் தடித்த கேபிள், வண்டிக்கு அடியில் மழையிலும் சேற்றிலும் அடிபட்டுக் கிடந்தது. "உள்ள கொண்டாந்துட்டா நூறு வருஷம் கெடக்கும்" என்று டாக்டரிடம் சொல்லி, கதவைத் திறந்தால் கால் வைத்து ஏறுகிறோமே, அந்தப் படியை ஒட்டி உள்பக்கமாகக் கொண்டுவந்தாய். உன் யோசனைதான். நல்ல யோசனை. அந்தக் காலத்துக் கார்களில் அந்த ஒரு கேபிளுக்கு மட்டும் ஃப்யூஸ் கிடையாது என்பதால் இரட்டை உறை போட்டாய். புதன்கிழமை சாயங்காலம் பேட்டரியை இணைத்து எல்லா விளக்கையும் போட்டுக் காட்டினாய். ஒன்று விடாமல் எரிந்தது. "பாரு பாய், தேக்காவுல தீபாவளி லைட்டு!" என்று சொல்லிவிட்டு இணைப்பைக் கழற்றி வைத்தாய்.

மறுநாள் நீ வரவில்லை. சர்க்கரை இருப்பதால் பாலிகிளினிக்கில் கண் சோதனை. கொஞ்ச நாளாகவே நீ வயரைக் கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். உள்ளுக்குள் பயம், வெளியே சிரிப்பு. "வெள்ளிக்கெழம காலையில வந்து பாத்துட்டு மூடிரலாம்" என்று சொல்லித்தான் போனாய். எனக்கு எங்கே பொறுமை? எல்லாம் எரிந்ததைத்தான் பார்த்தாயிற்றே என்று வியாழக்கிழமை நானே மூடினேன். கார்பெட்டின் ஓரத்தைப் படியோடு சேர்த்து அமுக்கும் நீளத் தகட்டுக்குக் கடைசி ஸ்க்ரூ ஒன்று குறைந்தது. எழுந்து போய்ப் புதுப் பெட்டியை உடைக்கச் சோம்பல். கைக்கெட்டிய டப்பாவில் ஒன்று கிடந்தது. அரை அங்குலம் கூடுதல் நீளம். உள்ளே எந்தக் கேபிள் போகிறது என்று எனக்குத் தெரியும். ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும், யோசிக்கவில்லை. திருகும்போது கடைசிச் சுற்று கொஞ்சம் இறுக்கமாகப் போனது. நல்லா பிடிச்சுக்கிச்சு என்று நினைத்தேன், மடையன்.

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் வந்து நின்றார். மூடியிருப்பதைப் பார்த்து நீ என்னை ஒரு முறை முறைத்தாய். அவர் எதிரில் ஒன்றும் சொல்லவில்லை. பேட்டரியை இணைத்தாய். படார் என்று ஒரு சத்தம், படியிலிருந்து புகை. நீ வெறுங்கையால் இணைப்பைப் பிடுங்கினாய். உள்ளங்கை பொசுங்கிவிட்டது. டாக்டர் கோபப்படவில்லை. பரவாயில்லை அங்கிள் என்று ஆங்கிலத்தில் சொன்னார், ஆனால் உன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவர் போனதும் நீ கையைப் பார்த்தபடி, "கார்பெட்டத் தூக்கி வெய்யி பாய், கட்டுப் போட்டுட்டு வந்து பாக்குறேன்" என்று கிளினிக்குக்குப் போனாய்.

நான் தனியாகத் தகட்டைக் கழற்றினேன். கேபிளைக் குத்தியிருந்த நீள ஸ்க்ரூ வெளியே வந்தது, நுனி கருகி, உருகிய செம்பு ஒட்டிக்கொண்டு. அதைச் சட்டைப் பைக்குள் போட்டேன். உண்மையைச் சொல்கிறேன்யா, உன்னை ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், டாக்டர் முகம் மறக்கட்டும், என் மானம் கொஞ்சம் ஆறட்டும் என்றுதான் நினைத்தேன். கூப்பிடாமல் மூடினது ஒன்று, இது ஒன்று. இரண்டையும் ஒரே நாளில் உன் முன்னால் வைக்க வெட்கமாக இருந்தது.

அப்படியே ஜும்ஆ தொழுகைக்குப் போனேன். குனிந்தபோது பையிலிருந்து ஸ்க்ரூ விழுந்து பக்கத்து ஆளிடம் உருண்டது. தொழுகை முடிந்ததும் அவர் அதை எடுத்து, "உங்களுதா பாய்?" என்று கேட்டார். "ஆமா, என்னுதுதான்" என்றேன். முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்!

திரும்பி வந்தபோது மணி இரண்டரை. நீ கட்டுப் போட்ட கையோடு படி ஓரம் குந்தியிருந்தாய். கருகிய கேபிளின் மேல் டார்ச் வெளிச்சம். "எங்கயோ தகட்டுல ஒரசியிருக்கு. நான் பாக்கல. என் கண்ணுதான் பாய்" என்றாய். புதன்கிழமை எல்லா விளக்கும் எரிந்தன. நடுவில் அந்தக் காரைத் தொட்டவன் நான் ஒருவன்தான். சின்னப் பிள்ளைக்குக்கூட என்மேல் சந்தேகம் வந்திருக்கும். உனக்கு வரவில்லை. உன் வேலையை மூடுகிறவன் நான் அல்லவா, என்னை எப்படிச் சந்தேகப்படுவாய்? அப்போது சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன்? "நமக்கும் வயசாச்சுல்லய்யா. விடு." வாய் கூசாமல் சொன்னேன்.

நீ விட்டுவிட்டாய். அந்தக் கேபிளை மாற்றிக் கொடுத்தாய், நாலு நாள் எடுத்துக்கொண்டு, பத்துத் தடவை தொட்டுப் பார்த்து. அடுத்த மாதம் பட்டறையைக் காலி செய்து ஒப்படைத்துவிட்டாய். "எவன் குடும்பமாவது உள்ள உக்காந்திருக்கும்போது பத்திக்கிச்சுன்னா?" என்று கேட்டாய். வேலையை விட்டவன் அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கண்ணே போய்விட்டதாக முடிவு கட்டிவிட்டாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னைத் தேக்காவுக்குக் கூட்டிப் போனேன். வழக்கமான ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். சிராங்கூன் ரோட்டைத் தாண்டும்போது நீ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாய். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பஸ் வரும்போது தூரத்திலேயே நம்பரைச் சொல்லிவிட்டு, "சரியா பாரு பாய், எனக்கு மாத்தித் தெரியும்" என்றாய். எனக்கு முன்னால் நீ படித்துவிட்டாய், சரியாகவும் படித்தாய். "கண்ணு தெரியுதேய்யா உனக்கு!" என்று கத்தியிருக்கலாம். "சரிதான்" என்று மட்டும் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். புக்கிட் பாத்தோக் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நிறுத்தமாக எண்ணிக்கொண்டு வந்தேன். இறங்கியதும் முர்தபா வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அதுதான் என்னால் முடிந்தது.

இப்படியே இரண்டு வருஷம். உன் ஒன்பதாவது மாடி வீட்டில், கார் பார்க்கைப் பார்த்த ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாய். ஒவ்வொரு தடவை வரும்போதும் இன்றைக்கு எப்படியும் என்று நினைத்துத்தான் லிஃப்டில் ஏறுவேன். நாள் ஆக ஆக, ஸ்க்ரூவைச் சொல்வதைவிட இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததைச் சொல்வது பெரிதாகிவிட்டது. பிறகு ஒரு காலையில் உன் மனைவியிடமிருந்து போன் வந்தது. தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டதாம். மண்டாய் சுடுகாட்டில் உன் முகத்தைக் கடைசியாகப் பார்த்தபோது எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். என் அழுகை எதற்கென்று யாருக்கும் தெரியாது.

இன்று அந்தப் பவுடரைப் பார்த்த பிறகு வேலை ஓடவில்லை. மத்தியானமே ஷட்டரை இறக்கிவிட்டு உன் வீட்டுக்குப் போனேன். தங்கச்சி, உன் மனைவிதான், டீ கொண்டுவந்து வைத்தாள். குடிக்காமல், நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள், இல்லை திட்டுவாள் என்று நினைத்தேன். நான் குடிக்காத டீயை எடுத்துத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"கண்ணுல ஒண்ணுமில்லன்னு டாக்டர் மூணு தடவ சொன்னாங்கண்ணே" என்றாள். "கண்ணாடி மாத்துனாப் போதும், வேலைக்குப் போங்கன்னாங்க. நானும் கெஞ்சிப் பாத்தேன். இவரு கேக்கல. டாக்டருக்கு என்னடி தெரியும், பாயே சொல்லிட்டான் வயசாயிருச்சுன்னு, அப்பிடின்னாரு."

"மன்னிச்சுரும்மா" என்றேன்.

"என்கிட்ட எதுக்குண்ணே சொல்றீங்க? அவரு அங்க இருக்காரு. அவர்கிட்டயே சொல்லுங்க." சுவரில் இருந்த உன் படத்தைக் காட்டிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

படத்தின் முன்னால் நின்றேன். கண்ணாடி போடாமல் சிரித்துக்கொண்டிருக்கிறாய். சட்டத்தில் இருந்த தூசியைத் துடைத்தேன், சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. "வர்றேம்மா" என்று குரல் கொடுத்தேன். "சரிண்ணே" என்று உள்ளிருந்தே சொன்னாள். இத்தனை வருஷத்தில் சாப்பிட்டுப் போங்க என்று அவள் சொல்லாமல் நான் அந்த வீட்டை விட்டு வந்தது இன்றுதான்.

அதனால்தான் எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியாதா? அன்றைக்கு இரண்டரை மணிக்கு உன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டிய நாலு வார்த்தை இன்னும் என்னிடமே கிடக்கிறது. தினமும் காலையில் கடை திறக்கும்போது வாய் வரைக்கும் வருகிறது. பக்கத்துக் கதவில் இப்போது வேறு பெயர்ப் பலகை. சொல்ல ஆள் இல்லாத வார்த்தையை இனி நான்தான் சாகும்வரை வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

உன் கண்ணு நல்லாத்தான்யா இருந்துச்சு. தப்பு என் கையில.