தலைகீழாக ஒட்டிய ஆறு

கண்ணு,

வெள்ளிக்கிழமை மேடையேறுமுன் இதைப் படித்துவிடு. உன் புது டைனோசரின் மண்டையும் தொடையும் ஒரே விலங்கினுடையவை இல்லை. உன் நாலு வருஷ உழைப்பு என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

அவற்றை எடுத்த அந்தப் பழைய தோண்டலில் எலும்புகளுக்கு மாவுக்கட்டுப் போட்டு எண் சீட்டு ஒட்டியவள் நான். அப்போது எனக்கு எண் படிக்கத் தெரியாது. "தலைகீழா ஒட்டிட்டியேம்மா!" என்று தோண்டலை நடத்திய புரொபசர் எல்லோர் முன்னாலும் கத்தினார். "நீங்க எழுதின லட்சணத்துக்கு என்னை ஏன் ஏசுறீங்க?" என்றேன். சீட்டைத் திருப்பி ஒட்டாமலே எழுந்து போனேன். அந்தக் கோபத்தில் அவர் சாவுக்கும் நான் போகவில்லை.

நேற்று நீ அனுப்பிய படத்தில், தொடை எலும்புச் சீட்டின் மேலே இருக்கவேண்டிய சிவப்புக் கோடு கீழே இருக்கிறது. அந்தத் தொடை, மண்டை கிடைத்த ஒன்பதாம் குழியில் எடுத்ததில்லை. ஆறாம் குழியில் எடுத்தது.

தப்பு என்னுடையது, அவர் சொன்னது சரி என்று மேடையில் சொல். கத்தியதை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

உன் பாட்டி